பன்னிரண்டாயிரம் பச்சை

“பதினோரு மாசமா என்ற ஊட்டுக்காரர் வாயில ஒரு கடுஞ்சொல்லு வந்ததில்ல அம்மிணி! நீ வந்து ஒரு மணி நேரம் ஆகல, ஊடு தேடி வந்த மனுசனை வெரட்டி உட்டுட்டாரு!”

“நான் எதையும் சொல்லிக் குடுக்கலீங்கத்தை. அவரா சொன்னதுங்க அது.”

“அவரா? அவரு அப்படிச் சொல்ல மாட்டாரு!”

“முப்பது வருசம் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்தவருங்க. அவரு அப்படித்தான் சொல்லுவாரு!”

குறிஞ்சி அடுக்ககத்தின் நான்காம் மாடி வராந்தாவில் இந்தப் பேச்சு நடந்தபோது செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணி. இரண்டாம் மாடியில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போன ஒரு அம்மாள் பாதிப் படியில் நின்று, ஒரே துண்டை மூன்று முறை உதறினார். சிங்காநல்லூரில் யாரும் ஒட்டுக்கேட்பதில்லை. தானாகக் காதில் விழுவதை என்ன செய்வது?

கத்தியவர் நான்காம் மாடி சுகந்தி, வயது அறுபது. பதில் சொன்னவள் மூன்றாம் மாடி நிவிஷா, வயது முப்பத்தொன்று. விரட்டப்பட்டவர் அடுக்ககத்தின் செகரட்டரி வரதராஜன். விரட்டியவர் சுகந்தியின் கணவர் சென்னியப்பன். அவர் உள்ளே சக்கர நாற்காலியில் இருந்தார். சுகந்தி கோபத்தில் அவருடைய கழுத்துப்பட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்ததால், தன்னைப் பற்றிய சண்டையில் அவருக்கு மட்டும் பேச வழியில்லை.

நடந்தது இதுதான். பக்கவாதம் வந்து சென்னியப்பனுக்குக் கையும் காலும் பேச்சும் போய் ஒரு வருடமாகிறது. அறிவு மட்டும் அப்படியே இருந்தது. நிவிஷா வேலை பார்க்கும் கம்பெனி, பேச்சிழந்தவர்களுக்காக ஒரு பட்டை தயாரிக்கிறது. அதைக் கழுத்தில் கட்டினால் தொண்டை நரம்புகளின் துடிப்பைப் படித்து, அவர் சொல்ல வந்தது இன்னது என்று கணித்து, அவருடைய பழைய குரலிலேயே பேசும். பழைய குரலுக்கு எங்கே போவது என்று கேட்டால், போனில் அனுப்பிய குரல் செய்திகள் எல்லார் வீட்டிலும் கிடக்கின்றன. சென்னியப்பனுடையவற்றில் பாதி, “எங்க இருக்கற? இன்னும் கிளம்பலையா?” என்பதாகவே இருந்தது என்று கேள்வி.

பட்டை வந்தபின் அந்த வீட்டில் நடந்த மாற்றத்தை அடுக்ககமே கன்னத்தில் கை வைத்துப் பார்த்தது. அதற்கு முன்பு சென்னியப்பன் லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் படியில் இறங்குவார்கள். வாயைத் திறந்தால் அதட்டல். உக்கடம் பேருந்து நிலையத்தில் பேருந்துகளை நேரத்துக்குக் கிளப்பிவிட்ட மனுசர், ஓய்வு பெற்ற பிறகு மனிதர்களைக் கிளப்பிவிட்டுக்கொண்டிருந்தார். அப்பேர்ப்பட்டவர் இப்போது, “வாங்க வாங்க, உங்களைப் பாத்தாலே தெம்பா இருக்குது” என்கிறார். பிசியோதெரபிப் பெண்ணிடம், “உன்ற கையி பட்டா வலியே தெரியறதில்ல கண்ணு” என்கிறார். செகரட்டரி வரதராஜனுக்கோ யோகம். தண்ணீர்த் தொட்டி, பார்க்கிங் தகராறு, தன் மருமகனின் குணக்கேடு என்று தினமும் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை அவர் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்ள ஒரு ஆள் கிடைத்துவிட்டது. எழுந்து போகவும் முடியாத ஆள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நிவிஷா மென்பொருளின் ஒரு பரிசோதனைப் பதிப்பைப் பட்டையில் ஏற்றியிருந்தாள். வரதராஜன் வழக்கம்போல் உட்கார்ந்து, மருமகனை ஆரம்பித்தார். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

“யோவ் செகரட்டரி. டைம் ஆச்சு. வண்டிய எடு.”

வரதராஜன் முதலில் தன் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு செகரட்டரி யாரும் நிற்கிறாரா என்று.

அதற்குப் பிறகுதான் வராந்தாச் சண்டை. சுகந்தி சத்தம் போட்டது செகரட்டரிக்காக என்று துண்டை உதறிய அம்மாள் நினைத்திருக்கலாம். அது அப்படியில்லை என்பது எதிரில் நின்ற நிவிஷாவுக்குத் தெரிந்தது. கோபம் தணிந்து, குரல் இறங்கி, சுகந்தி கடைசியாகக் கேட்டது வேறொன்று.

“செகரட்டரிய தெனமும் வாங்க வாங்கன்னு சொன்னது அவரு இல்லியா?”

“இல்லீங்கத்தை.”

“அப்ப என்றகிட்ட சொன்னதெல்லாம்?”

சுகந்தி பட்டையை நிவிஷாவின் கையில் திணித்தார். “பழசையே போட்டுக் குடுத்துட்டுப் போ. எனக்கு இது வேண்டாம்.”

அந்த ‘என்றகிட்ட சொன்னது’ என்ன என்பது அடுக்ககத்தில் எல்லாருக்கும் தெரியும். ஏனென்றால் சுகந்தியே எல்லாரிடமும் சொல்லியிருந்தார். பட்டை கட்டிய மூன்றாம் மாதம், ஒரு காலை, அவரைக் குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டிருந்தபோது பட்டை பேசியது: “சுகந்தி, நீ இல்லீன்னா நான் என்ன ஆயிருப்பேன்?” கல்யாணமாகி முப்பத்தி நாலு வருடத்தில் அவர் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘இந்தா’, ‘ஏய்’, கூட்டமாக இருந்தால் ஒரு கனைப்பு. அன்றைக்குச் சுகந்தி குளியலறைக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்று அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து போனில் பச்சையை அமுக்கினார்.

பச்சை என்ன என்பதைச் சொல்ல வேண்டும். பட்டை ஒவ்வொரு வாக்கியம் பேசியதும், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவரின் போனில் ஒரு கேள்வி வரும்: சரியாகச் சொன்னதா? ஆம் என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு. பதினோரு மாதத்தில் சுகந்தி ஒருமுறைகூடச் சிவப்பைத் தொட்டதில்லை.

பட்டை வாங்கிய நாலாயிரம் வீடுகளிலும் அப்படித்தான். அதுதான் நிவிஷாவுக்கு உறுத்தியது.

அவளுடைய வேலை சோதனை, பெரும்பாலும் வீட்டிலிருந்தே. பட்டைக்குள் ஓடும் மென்பொருளை எழுதுகிறவர்கள் வேறு. அவர்கள் எதையாவது மாற்றும்போது பழைய காரியம் எதுவும் கெட்டுப்போகவில்லையே என்று பார்ப்பவள் இவள். அதற்கென்று பன்னிரண்டாயிரம் சோதனைகள் இருந்தன. ஒவ்வொன்றும் தானாக ஓடும். சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு. அவள் சேர்ந்து எட்டு மாதம். பட்டை அதற்கு ஆறு மாதம் முன்பே வெளிவந்துவிட்டது. இந்தப் பதினான்கு மாதத்தில் ஏழு பதிப்புகள் வெளிவந்துவிட்டன. ஒரு சோதனைகூட, ஒரு நாள்கூட, சிவந்ததில்லை. அலுவலகத்தில் அதற்குக் கேக் வெட்டினார்கள். நிவிஷாவுக்குக் கேக் இறங்கவில்லை. கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற பிறவி அவள்.

போன வாரம், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பு, யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தாள். மென்பொருளின் ஒரு நகலை எடுத்து, ‘வேண்டாம்’, ‘இல்லை’ என்ற பொருள் வரும் பகுதி முழுவதையும் வெட்டி எறிந்தாள். இனி அந்த நகலால் எதையும் மறுக்கவே முடியாது. சோதனைகளை ஓடவிட்டுவிட்டுத் தயிர்ச்சாதம் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தபோது திரை முழுக்கப் பச்சை. பன்னிரண்டாயிரமும்.

நாலாயிரம் பேர், பதினான்கு மாதமாக, எதையுமே வேண்டாம் என்று சொல்லவில்லையா?

மறுநாள் மேலே போய்ச் சென்னியப்பன் எதிரில் உட்கார்ந்தாள். பட்டை பேசியது: “வா கண்ணு, நல்லா இருக்கறயா?” அவள் குரலைக் கேட்காமல் ஆளைப் பார்த்தாள். முகம் அசையவில்லை. கைகள் மடியில் கிடந்தன. இடது காலின் கட்டைவிரல் மட்டும் இரண்டு தரம் துடித்தது. சற்று நேரம் கழித்துப் பட்டை வேறு ஏதோ இனிப்பாகச் சொன்னது. மறுபடியும் இரண்டு துடிப்பு.

“அது நரம்பு இழுக்குது கண்ணு” என்றார் சுகந்தி, அடுப்படியிலிருந்து. “தெனமும் தைலம் தேய்ச்சு உடறேன். நிக்கவே மாட்டேங்குது.”

நிவிஷா குனிந்து, அவர் கண்ணைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். “மாமா, நான் கேக்கறது புரிஞ்சா ஒரு தடவை அசைங்க.”

ஒரு தடவை.

“இப்ப பட்டை சொன்னது நீங்க சொன்னதுங்களா?”

இரண்டு. கொஞ்சம் இடைவெளி விட்டு, இன்னும் இரண்டு. பிறகு நிற்காமல், பதினோரு மாதத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதுபோல்.

புதன்கிழமை அவள் மேலாளர் அருள்தாஸைத் திரையில் பிடித்தாள். திருநெல்வேலிக்காரர், நல்ல மனுசர், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கெட்டவர். ஏனென்றால் புதுப்பதிப்புகள் வெள்ளிக்கிழமைதான் போகும்.

“பன்னிரண்டாயிரம் டெஸ்டும் பச்சை. எட்டாவது பதிப்பு நாளை மறுநாள் போவணும். இப்ப வந்து நிறுத்தச் சொல்லுத. என்னம்மா பிரச்சனை?”

“அதுதான் சார் பிரச்சனை. எல்லாம் பச்சை.”

“பச்சையா இருந்தாலும் பிரச்சனையா? உன்னய எப்படித்தாம்மா திருப்திப்படுத்த?”

“இங்க பாருங்க சார். உங்க கண்ணு முன்னாடியே மறுப்பை வெட்டறேன். இனிமே இதுக்கு வேண்டாம்ங்கற வார்த்தையே தெரியாது. ஓட விடறேன்.”

நாலு நிமிடம். பச்சை, பச்சை, பச்சை. அருள்தாஸின் நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது.

“இது எப்படி?”

“நாம டெஸ்ட் எதை வெச்சு எழுதினோம்? பட்டை ஒண்ணு சொல்லுது. பக்கத்துல இருக்கறவங்க பச்சை அமுக்கறாங்க. உடனே ‘இந்தத் துடிப்புக்கு இதுதான் விடை’ன்னு நாம எழுதி வெச்சுக்கறோம். அவங்க எதுக்குப் பச்சை அமுக்குவாங்க? காதுக்கு இதமா இருந்தா அமுக்குவாங்க. எந்தப் பொண்டாட்டி சார், ‘இல்லீங்க, என்ற புருசன் என்னைப் புகழல, இது தப்பு’ன்னு சிவப்பை அமுக்குவா? பையன் எழுதின பேப்பரையே விடைக்குறிப்பா வெச்சு அவனுக்கே மார்க் போட்டிருக்கறோம். நூத்துக்கு நூறு வாங்காம என்ன செய்வான்?”

“சரி, பேச முடியாதவங்கன்னுதானே பட்டை போட்டிருக்கு. சரியா தப்பான்னு வேற யார்ட்டம்மா கேக்க?”

“அவங்ககிட்டதான். ஆனா பட்டை வழியாக் கேக்கக்கூடாது. எங்க மேல் வீட்டு மாமாவுக்குக் கால் கட்டைவிரல் அசையுது. அதை வெச்சு அவரு சொன்னதுல நாப்பது வாக்கியம் எடுத்திருக்கறேன். நாப்பது டெஸ்ட். ஒவ்வொண்ணுக்கும் படிச்சாப் புரியற மாதிரி பேரு. ‘வலிக்குதுன்னா வலிக்குதுன்னே வரோணும்.’ ‘போகச் சொன்னா இருக்கச் சொல்லக்கூடாது.’ நம்ம பழைய டெஸ்டுக்கு எல்லாம் நாலாயிரத்து நானூத்தி எழுபத்தொண்ணுன்னு நம்பர்தான் இருக்குது. அது செவந்தாக்கூட எதுக்குச் செவந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது.”

“அந்த நாப்பதும் என்ன ஆச்சு?”

“முப்பத்தாறு தோத்துப் போச்சுங்க சார்.”

அருள்தாஸ் இணைப்பைத் துண்டித்துவிட்டார். அரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். குரல் வேறாக இருந்தது.

“எங்கப்பாவும் அதத்தாம்மா போட்டிருக்காங்க. பாளையங்கோட்டையில. தெனமும் என் வீட்டுக்காரிய வாழ்த்துதாங்க. அவளும் சந்தோசமா இருக்கா.” சற்று நிறுத்தினார். “அவுகளுக்கு இடது புருவம் மட்டும் அசையும். அது போதுமா?”

“போதுங்க சார்.”

வெள்ளிக்கிழமைப் பதிப்பு நின்றது. ஆனால் நான்காம் மாடியில் பழைய பதிப்புதான் ஓடிக்கொண்டிருந்தது. சுகந்தி கேட்டதும் அதுதானே.

கேட்டு வாங்கியதை அவரால் அனுபவிக்க முடிந்ததா என்பது வேறு கதை. வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, கையில் மூடி போட்ட ஒரு சின்னக் கிண்ணத்தோடு நிவிஷாவின் கதவைத் தட்டினார். கோபமாக வந்தால் சண்டை, சாந்தமாக வந்தால் சமாதானம். இது இரண்டுமில்லாத முகம்.

“இதைத் தின்னு பாரு.”

நிவிஷா ஒரு வாய் வைத்தாள். கஞ்சி. உப்பு இல்லை. அது மட்டுமா, நாக்கைச் சுருட்டிக்கொள்ளும் கசப்பு.

“என்னங்கத்தை இது?”

“பாவக்காயை அரைச்சுக் கலக்குனேன். வேணும்னுதான். பாவம், ரெண்டே ரெண்டு கரண்டிதான் குடுத்தேன்.” சுகந்தி கிண்ணத்தை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். “ ‘அருமையா இருக்குது சுகந்தி’ன்னு சொல்லுதுடி அந்தப் பாழாப்போன பட்டை.”

நிவிஷாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அலுவலகத்தில் படித்துப் பட்டம் வாங்கிய இருபது பேர் இருந்தும், ஏழு பதிப்பு வரை ஒருவருக்கும் தோன்றாத காரியம் அது.

“இதையேதாங்கத்தை நானும் செஞ்சேன். வேணும்னே கெடுத்து, கண்டுபுடிக்குதான்னு பாத்தேன். கண்டுபுடிக்கல.”

சுகந்தி உட்கார்ந்தார். முந்தானையை விரலில் சுற்றி, பிரித்து, மறுபடியும் சுற்றினார்.

“கஞ்சி போகட்டும். செகரட்டரி போகட்டும். எனக்கு அந்த ஒண்ணை மட்டும் சொல்லு கண்ணு. அன்னிக்குக் குளிப்பாட்டும்போது சொன்னாரே. அது அவரா, மெசினா?”

ஒரு வார்த்தை போதும். ‘அவருதாங்க’ என்று சொல்லியிருந்தால் அந்த அம்மாள் கிண்ணத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு நிம்மதியாக மேலே போயிருப்பார். நிவிஷா வாயைக்கூடத் திறந்துவிட்டாள். பிறகு மூடிக்கொண்டாள்.

“தெரியலீங்கத்தை.”

“நீதான பரிசோதனை பண்றவ?”

“பட்டை பேசினதுதான் பதிவுல இருக்குது. அவரு தொண்டையில வந்தது இல்ல. அதை யாரும் எடுத்து வெக்கல. இல்லைன்னு சொல்லத் தெரியாத ஒண்ணு ஆமான்னு சொன்னா, அதை வெச்சு நான் என்னங்க சொல்லட்டும்? உண்மையாவும் இருக்கலாம். பாவக்காய்க் கஞ்சியாவும் இருக்கலாம்.”

“இல்லைன்னு சொல்லத் தெரிஞ்சதுகிட்டக் கேட்டா?”

“கேக்கலாம்.” நிவிஷா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆனா அது இல்லைன்னும் சொல்லுங்கத்தை. சொன்னா எடுத்துக்கோணும். அதுக்கப்பறம் திருப்பிப் பழசைப் போடுன்னு என்கிட்டக் கேக்கக்கூடாது.”

பதினோரு மாதப் புகழ்ச்சி சும்மா கிடைத்ததா? முப்பத்தி நாலு வருடம் காத்திருந்து கிடைத்தது. அதைக் கையில் எடுத்து, நெருப்பில் போட்டுப் பார்க்கச் சொன்னால் யாருக்குத்தான் மனசு வரும்? அடுக்ககத்தில் வேறு யாராக இருந்தாலும் எழுந்து போயிருப்பார்கள்.

“வா” என்றார் சுகந்தி.

பரிசோதனைப் பதிப்புக்கு நயமாகப் பேசத் தெரியாது. வார்த்தைகளைக் கோத்து அழகாக்கும் பகுதியை நிவிஷா எடுத்துவிட்டிருந்தாள். துடிப்பு தெளிவாக இல்லாவிட்டால் ஊகிக்காமல் சும்மா இருந்துவிடும். ஒவ்வொரு சொல்லாக, நடுவில் நீண்ட இடைவெளி விட்டு வரும். பச்சை சிவப்புக் கேள்வியும் கிடையாது. சுகந்தி போனை அடுப்படியிலேயே விட்டுவிட்டு வந்தார்.

கணவர் எதிரில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பட்டையைத் தானே கட்டினார். பரீட்சை முடிவு பார்க்கப் போகும் பிள்ளையைப் போலத் தலையைத் தாழ்த்திக்கொண்டு, அவரைப் பார்க்காமல், அவருடைய முழங்காலைப் பார்த்துக் கேட்டார்.

“ஏனுங்க. அன்னிக்குத் துவட்டி உடும்போது, நான் இல்லீன்னா என்ன ஆயிருப்பீங்கன்னு சொன்னீங்களே. அது நீங்க சொன்னதுதானுங்களா?”

எதுவும் வரவில்லை. நிவிஷா அவர் காலைப் பார்த்தாள், கட்டைவிரல்கூட அசையவில்லை. நாலைந்து மூச்சு விடும் நேரம்.

“இல்ல.”

சுகந்தி ஒருமுறை தலையை ஆட்டினார். “ம்” என்றார். முக்காலியைச் சத்தமில்லாமல் எடுத்து ஓரமாக வைத்தார். அழவில்லை. அது நிவிஷாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. தான் கண்டுபிடித்தது தவறா, அந்த நாற்பது சோதனைகளை எழுதாமலே இருந்திருக்கலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றிவிட்டது. அடுப்படிப் பக்கம் திரும்பிய சுகந்தியின் முதுகு ஒரு மாதிரி சின்னதாகத் தெரிந்தது.

“நில்லு… டி.”

அதட்டல். பழைய, லிஃப்டை நிறுத்தும் அதட்டல்.

“அன்னிக்கு… நான் சொன்னது… வேற.”

சுகந்தி திரும்பவில்லை; நின்றார்.

“சேலை… நனைஞ்சு கெடக்குது. மாத்திட்டு வான்னு… சொன்னேன். சளி… புடிச்சா… உனக்கு இழுப்பு… வரும்.” நீண்ட இடைவெளி. “நாலு தடவை… சொன்னேன். நீ… பல்லைக் காட்டிட்டு… ஈரத்தோடயே… நின்ன. எருமை.”

வெளியே லிஃப்ட் வந்து நின்றது; காத்திருந்தவர்கள் யாரும் ஏறவில்லை.

“தெனமும்… நீ தின்னுட்டு… எனக்கு ஊட்டுன்னு… சொல்றேன். அருமைங்குது… அது. நீ… அரை மூட்டை… எடை கொறைஞ்சு… போன.”

சுகந்தி மெல்லத் திரும்பினார். முகம் முழுக்க நனைந்திருந்தது. ஆனால் அதன் நடுவில் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

“அம்மிணி” என்றார் நிவிஷாவிடம், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “இது அவருதான். முப்பத்தி நாலு வருசமா இதையேதான் சொல்லிட்டிருக்கறாரு. மழையில போகாத, வெறும் வயித்தோட இருக்காத, அந்தச் செருப்பைப் போடாத, வழுக்கும். எனக்கு அது திட்டுன்னுதான் பட்டுது.”

“பட்டைக்கும் அப்படித்தான் பட்டிருக்குதுங்க” என்றாள் நிவிஷா. “கடுமையா வந்ததையெல்லாம் எடுத்துட்டு, பக்கத்துல இனிப்பா என்ன இருக்குதோ அதை வெச்சுடுச்சு.”

“என்ன… ரெண்டு பேரும்… குசுகுசுன்னு?” என்றது பட்டை. “சாப்ட்டயா… இல்லியா?”

“இல்லீங்க.”

“கெளம்பு.”

சுகந்தி போனார். தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து, அவர் எதிரிலேயே உட்கார்ந்து, பதினோரு மாதத்தில் முதல் தடவையாக அவருக்கு முன்பு சாப்பிட்டார். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நிவிஷா மெதுவாக வெளியே வந்து கதவைச் சாத்தினாள். பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை.

எட்டாவது பதிப்பு நாலு மாதம் தாமதமாக, புதிய சோதனைகளோடு வெளிவந்தது. ஒவ்வொரு வீட்டிலும் புருவமோ விரலோ இமையோ, அசையும் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்து நோயாளியையே கேட்டு எழுதிய சோதனைகள். அவை வாரத்துக்கு இரண்டு முறை சிவந்தன. யாரும் கேக் வெட்டவில்லை. நூற்றுச் சொச்சம் வீடுகள் பட்டையைத் திருப்பி அனுப்பின. காங்கயத்தில் ஒரு பெரியவர் முதல் வேலையாக, மகன் வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். அந்த மகன் நிவிஷாவின் நம்பரை எங்கேயோ வாங்கி, அரை மணி நேரம் திட்டினான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். எல்லாத் திட்டுக்குள்ளும் நனைந்த சேலை இருப்பதில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

சென்னியப்பனும் சுகந்தியும் அடுத்த ஆவணியில் அடுக்ககத்தைக் காலி செய்துவிட்டு அன்னூர்ப் பக்கம், வாசலில் வேப்பமரம் உள்ள ஒரு தரைத்தள வீட்டுக்குப் போனார்கள். நாலாம் மாடி தனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை என்று அவர் சொல்லிவிட்டாராம். “குடி வரும்போதே சொல்லியிருக்கலாமில்லீங்க?” என்று சுகந்தி சண்டைக்குப் போனதற்கு, “அப்பவும்… சொன்னேன். நீதான்… கேக்கல” என்றாராம். குடிவந்த அந்தக் காலத்தில் அவர் கழுத்தில் எந்தப் பட்டையும் கிடையாது. சாமான் ஏற்றிய அன்று சுகந்தி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

தை மாதம் நிவிஷாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பவானிக்காரர், மண் பரிசோதனை நிலையத்தில் வேலை, பேர் இளம்பரிதி. பெண் பார்க்க வந்த அன்று நிவிஷா அவரைத் தனியாக உட்காரவைத்து, தன்னிடம் பிடிக்காத ஒன்றைச் சொல்லும்படி கேட்டாளாம். அதற்கு முன்பு வந்த நாலு பேரும், “அப்படி ஒண்ணுமே இல்லீங்க” என்றவர்கள். நாலு பேரையும் அவள் அனுப்பிவைத்திருந்தாள். இவர் மட்டும் கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்து, “நீங்க எதிராளியைப் பேசி முடிக்க விட மாட்டீங்க போல இருக்குது. அதோட…” என்று ஆரம்பித்தாராம்.

மீதியைக் கேட்காமலே அவள் சம்மதம் சொல்லிவிட்டாள்.